டாம்பர் போய்விட்டதா? சைக்கிள் ஃபோர்க்கை அறிகுறி பார்த்துச் சோதிக்கும் முறை

மலைச் சைக்கிளின் முன் ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குலுக்கலை வாங்கும் பாகம்) எது கெட்டாலும் கடையில் வரும் முதல் பதில், "டாம்பர் போயிருச்சுண்ணா" என்பதுதான். டாம்பர் என்பது ஃபோர்க் அமுங்கி எழும் வேகத்தை எண்ணெயால் அடக்கும் பாகம். எனக்கும் அதே பதில் வந்தது. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டச் சரிவுகளில் இரண்டு நாள் ஓட்டிவிட்டுக் கோவை திரும்பியிருந்தேன். 140 மில்லிமீட்டர் பயணமுள்ள (அதாவது அவ்வளவு தூரம் அமுங்கக்கூடிய) ஃபோர்க், கடைசி மூன்று விரற்கடைக்கு இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. புது டாம்பர் கார்ட்ரிட்ஜுக்குச் சொன்ன விலையில் சுமாரான பழைய சைக்கிளே ஒன்று வாங்கிவிடலாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, காற்றை இறக்கி, ஃபோர்க்கின் இடது காலின் அடி போல்ட்டை நாலு சுற்றுத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். புஸ்ஸென்று காற்று, அதன் பின்னாலேயே எண்ணெய் பீய்ச்சியடித்துச் சட்டை வீணானது. டாம்பருக்கு ஒன்றுமே இல்லை. ஏர் ஸ்பிரிங்கின் (காற்றழுத்தமே ஸ்பிரிங்காக வேலை செய்யும் பகுதி) அடிமூடியில் ஒரு ரப்பர் ஓ-ரிங் தேய்ந்துபோய், காற்று கொஞ்சம் கொஞ்சமாக லோயருக்குள், அதாவது ஃபோர்க்கின் வெளிக்கூட்டுக்குள், இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றுதான் கடைசி மூன்று விரற்கடையை அடைத்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எந்த ஃபோர்க் கைக்கு வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: எண்ணெயும் காற்றும் எங்கே இருக்க வேண்டும், இப்போது எங்கே இருக்கின்றன?

உள்ளே என்ன இருக்கிறது

பெரும்பாலான ராக்‌ஷாக்ஸ், ஃபாக்ஸ் கம்பெனிகளின் ஏர் ஃபோர்க்குகளில் ஓட்டுபவரின் இடக்கைப் பக்கக் காலில் ஏர் ஸ்பிரிங். வலக்கைப் பக்கக் காலில் டாம்பர். மேலே கிரவுனில் (இரண்டு கால்களையும் இணைக்கும் பாலம்) பொருத்தியிருக்கும் பளபளப்பான குழாய்கள்தான் ஸ்டாஞ்சன். அவை சறுக்கி நுழையும் வெளிக்கூடு லோயர். லோயரின் வாயில் கறுப்பாகத் தெரியும் உதடுதான் வைப்பர் சீல். அதன் கீழே எண்ணெய் ஊறிய ஃபோம் வளையம், அதற்கும் கீழே புஷ், அதாவது ஸ்டாஞ்சன் உரசிச் சறுக்கும் வளையம்.

எண்ணெய் மூன்று இடத்தில் இருக்கும். இடது லோயரின் அடியில் கொஞ்சம், வலது லோயரின் அடியில் கொஞ்சம். மாடலைப் பொறுத்து ஒவ்வொன்றிலும் 5 முதல் 40 மில்லி. இது வெறும் வழுக்கலுக்கு. மூன்றாவது, டாம்பருக்குள் இருப்பது. அது பெரும்பாலும் இதைவிட மெல்லிய எண்ணெய். சின்னத் துளைகள் வழியாகவும் ஷிம் என்ற மெல்லிய தகடுகளை வளைத்துக்கொண்டும் போய்வந்து, ஃபோர்க்கின் வேகத்தை அடக்குவது அதுதான்.

காற்றுக்கும் மூன்று இடம். நாம் பம்ப் அடிக்கும் பாசிட்டிவ் அறை, பிஸ்டனுக்குக் கீழே உள்ள நெகட்டிவ் அறை, பிறகு லோயருக்குள் சும்மா கிடக்கும் காற்று. பாசிட்டிவ் அறையின் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது பிஸ்டனில் உள்ள சீல். வெளியே தெரியும் வைப்பர் சீலுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. காற்று இறங்குகிறது என்று வைப்பர் சீலை மாற்றிவிட்டு, மறுநாளும் காற்று இறங்குகிறதே என்று தலையைச் சொறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் நானும் ஒருவன்.

டாம்பரிலும் இரண்டு சாதி. ராக்‌ஷாக்ஸின் பழைய மோஷன் கண்ட்ரோல் போன்றவை திறந்த வகை: ஸ்டாஞ்சனுக்குள் எண்ணெய், அதற்கு மேல் காற்று, இரண்டும் ஒரே அறையில். சார்ஜர் 2, ஃபாக்ஸின் ஃபிட்4 போன்றவை மூடிய கார்ட்ரிட்ஜ்: உள்ளே காற்றே இருக்கக் கூடாது. டாம்பரின் தண்டு உள்ளே வரும்போது இடம் விட ஒரு ரப்பர் பை உப்பிக் கொடுக்கும். ஃபாக்ஸ் கிரிப் வகையில் பைக்குப் பதிலாக ஸ்பிரிங் தாங்கிய மிதக்கும் பிஸ்டன். ஒரே சத்தம் ஒன்றில் சகஜம், மற்றதில் நோய் என்பதால் இந்த வேறுபாடு முக்கியம்.

எக்ஸ்சிடி, எக்ஸ்சிஎம் மாதிரி சன்டூர் காயில் ஃபோர்க் (காற்றுக்குப் பதில் சுருள் ஸ்பிரிங்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் பலவற்றில் ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஃபோர்க் திரும்பி எழுவதை, கட்டுப்படுத்தும் டாம்பர் என்று தனியாக எதுவும் கிடையாது. உரசலும் கிரீஸும்தான் அந்த வேலையைப் பார்க்கின்றன. ரீபவுண்ட் குமிழே இல்லாத ஃபோர்க்கில் ரீபவுண்ட் கெட்டுவிட்டது என்று தேட வேண்டாம். சுத்தம் செய்து கிரீஸ் வைத்தால் அதற்குள்ள அதிகபட்ச ஆரோக்கியம் திரும்பிவிடும்.

முதலில் காற்றை இறக்குங்கள்

எந்த அறிகுறியானாலும் ஏர் ஃபோர்க்கில் இதைச் செய்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இப்போதுள்ள அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரீபவுண்ட் குமிழை முழுக்க மூடும் திசையில் திருப்பி, எத்தனை கிளிக் வந்தது என்று எண்ணுங்கள். அமுங்கும் வேகத்தை அடக்கும் கம்ப்ரஷன் குமிழுக்கும் அப்படியே. பிறகு சக்கரத்தைத் தரையில் வைத்து, வால்வின் ஊசியை மெதுவாக அழுத்திக் காற்றை இறக்குங்கள். நடுநடுவே ஃபோர்க்கைக் கொஞ்சம் அமுக்கி விடுங்கள்.

இப்போது ஸ்பிரிங் இல்லை. கையில் தெரிவதெல்லாம் உரசலும் டாம்பரும் மட்டுமே. மெதுவாக முழுப் பயணத்துக்கும் அமுக்குங்கள்: மணல் நறநறப்பு போல இருந்தால் புஷ்ஷும் சீலும் காய்ந்திருக்கின்றன. வேகமாக அமுக்குங்கள்: வேகத்துக்கேற்ப எதிர்ப்பு கூட வேண்டும். அடுத்து ரீபவுண்டை முழுக்க மூடிவிட்டு, ஹேண்டில்பாரைச் சட்டென்று தூக்குங்கள். சக்கரம் தன் எடையில் இறங்கும். பாகுக்குள்ளிருந்து கரண்டியை இழுப்பதுபோல மெதுவாக இறங்கினால் ரீபவுண்ட் உயிரோடு இருக்கிறது. முழுக்கத் திறந்துவிட்டுத் தூக்கினால் தொப்பென்று விழ வேண்டும். மூடினாலும் திறந்தாலும் ஒரே மாதிரி விழுந்தால்தான் டாம்பர் மேல் சந்தேகப்பட நியாயம் இருக்கிறது.

வால்வில் காற்று முழுக்கப் போன பிறகும் ஃபோர்க் தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டு நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். நெகட்டிவ் அறையில் அழுத்தம் மாட்டியிருக்கிறது. அந்த நிலையில் மேல்மூடியையோ அடி போல்ட்டையோ கழற்றக் கூடாது. திரும்பப் பம்ப் அடித்து ஃபோர்க்கை முழுக்க நீட்டி, இரண்டு அறைகளும் சமமாகும்படி சில முறை அமுக்கிவிட்டு, நீட்டிய நிலையிலேயே மெதுவாக இறக்கிப் பாருங்கள். அப்போதும் இழுத்தால் அது வீட்டில் பார்க்கும் வேலை இல்லை.

ஸ்டாஞ்சனில் எண்ணெய் வளையம்

ஓட்டிவிட்டு வந்ததும் தலைமுடி அளவுக்கு ஒரு எண்ணெய்க் கோடு தெரிந்தால் நல்லதுதான். சீல் ஈரமாக இருக்கிறது, வேலை செய்கிறது. புதுச் சீல் போட்ட முதல் சில ஓட்டங்களில் அந்தக் கோடு கொஞ்சம் தடித்தும் இருக்கும். துடைத்துவிட்டுப் பத்து முறை அமுக்கியதும் மறுபடி தடித்த வளையம் வந்து, அது லோயரின் வெளிப்புறம் வழிகிறது என்றால் கசிவு.

சீலைக் குறை சொல்லும் முன் ஸ்டாஞ்சனைப் பாருங்கள். நகத்தைக் குறுக்கே வைத்து மேலிருந்து கீழாக மெதுவாக இழுங்கள். எங்காவது நகம் மாட்டினால் அங்கே கீறல். எத்தனை புதுச் சீல் போட்டாலும் அந்தக் கீறல் அதைத் தின்றுவிடும். சிறிய மேடாக இருந்தால் மிக மென்மையான உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து மேட்டை மட்டும் தேய்த்து எடுக்கலாம். பழுப்பு, கறுப்பு, தங்க நிறப் பூச்சே உரிந்து உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் கிரவுனும் ஸ்டாஞ்சன்களும் சேர்ந்த மேல்பகுதியை மாற்றுவதுதான் வழி.

இடது பக்கம் கசிந்தால் அவசரம் அதிகம். டிஸ்க் பிரேக்கின் ரோட்டாரும் (சக்கரத்தோடு சுற்றும் தட்டு) அதைக் கவ்வும் காலிப்பரும் அந்தப் பக்கம்தான். ஒரு துளி வழிந்து பேடில் ஏறினால் பிரேக் கத்தத் தொடங்கும், பிடிப்பும் போய்விடும். ரோட்டாரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக் காப்பாற்றிவிடலாம். எண்ணெய் குடித்த பேடை நான் காப்பாற்ற முயல்வதில்லை.

எண்ணெய் வேறு இடத்தில் தெரிந்தால் கதை வேறு. லோயரின் அடி போல்ட்டைச் சுற்றி ஈரம் என்றால் நசுங்கும் வாஷர் பழசு. மேலே கம்ப்ரஷன் குமிழைச் சுற்றி எண்ணெய் ஊறினால் டாம்பரின் மேல்மூடி ஓ-ரிங். கார்ட்ரிட்ஜ் வகையாக இருந்தால் உள்ளே பை கிழிந்து எண்ணெய் மேலேறியிருக்கவும் வாய்ப்புண்டு. அடியில் ரீபவுண்ட் குமிழ் வழியாகச் சொட்டினால், அந்தக் குமிழைத் தாங்கும் போல்ட்டின் வாஷரை முதலில் பார்த்துவிட்டு, பிறகுதான் டாம்பர் தண்டு.

முதல் அசைவு கனமாக இருக்கிறது

பெரிய பள்ளத்தில் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் சின்னக் கற்களில் மரக்கட்டை மாதிரி இருக்கிறது. மாதக்கணக்கில் நின்ற சைக்கிளில் இதைத்தான் அதிகம் கேட்பேன். ஃபோம் வளையம் காய்ந்திருக்கும். சைக்கிளை ஒரு இரவு தலைகீழாக நிறுத்திவையுங்கள். லோயரின் அடியிலுள்ள எண்ணெய் ஃபோம் வரைக்கும் இறங்கி ஊறும். காலையில் அமுக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்தால் லோயரில் எண்ணெய் இருக்கிறது. எந்த வித்தியாசமும் இல்லாவிட்டால் அங்கே எண்ணெயே இல்லாமல் இருக்கலாம். (ஹைட்ராலிக் பிரேக்கில் காற்று ஏறியிருந்தால் தலைகீழாக வைத்த பிறகு லீவர் மெத்தென்று ஆகும். காலையில் நிமிர்த்தி நாலு முறை அழுத்திவிட்டு ஓட்டுங்கள்.)

பலர் தவறவிடுவது அச்சு. முன் அச்சை இறுக்கும்போது லோயரின் இரண்டு கால்களும் ஒன்றையொன்று நோக்கி இழுபட்டால் புஷ் ஒரு பக்கமாக உரசும். அச்சைத் தளர்த்தி, ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்கி, கால்களைத் தங்கள் இடத்தில் உட்கார விட்டுப் பிறகு இறுக்குங்கள். இதற்குக் காசும் இல்லை, தனிக் கருவியும் வேண்டாம்.

வைப்பர் சீல் மேல் துரு நீக்கும் ஸ்பிரே அடிப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அடித்த நிமிடம் வெண்ணெய் மாதிரி ஓடும். இரண்டு நாளில், உள்ளே இருந்த எண்ணெயைக் கரைத்துக்கொண்டு முன்னைவிடக் காய்ந்து நிற்கும்.

காற்று இறங்கிக்கொண்டே போகிறது

முதலில் இது நிஜமா என்று பாருங்கள். நேற்று 80 பிஎஸ்ஐ வைத்தேன், இன்று பம்பை மாட்டினால் 72 காட்டுகிறது என்பது பெரும்பாலும் பம்பின் வேலை. மாட்டியதும் ஃபோர்க்கில் உள்ள காற்று பம்பின் குழாயையும் மீட்டரையும் நிரப்புகிறது, அழுத்தம் அந்த அளவு குறைகிறது. கழற்றும்போது கேட்கும் புஸ் சத்தம் குழாயில் இருந்த காற்று. சந்தேகமிருந்தால் 80 வைத்துக் கழற்றி, அடுத்த நிமிடமே மாட்டிப் பாருங்கள். அப்போது எவ்வளவு குறைந்து காட்டுகிறதோ அதுதான் உங்கள் பம்பின் பங்கு. மறுநாளைய கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

நிஜமாகவே இறங்கினால் வால்வுக் குழியில் சோப்புத் தண்ணீர் விடுங்கள். குமிழி வந்தால் வால்வு ஊசியை அரைச் சுற்று இறுக்கினாலே பல சமயம் தீரும். கார் டயரில் இருக்கும் அதே ஸ்க்ரேடர் வால்வுதான். பெரும்பாலானவற்றில் ஊசியும் அதே அளவு. மேல்மூடியைச் சுற்றிக் குமிழி வந்தால் அதன் ஓ-ரிங்.

வெளியே எங்கும் குமிழி இல்லை, ஆனாலும் அழுத்தம் குறைகிறது என்றால் காற்று வீட்டை விட்டுப் போகவில்லை, அறை மாறியிருக்கிறது. எந்த அறைக்குப் போனது என்பதை ஃபோர்க்கின் உயரமே சொல்லிவிடும்.

உயரம் குறைந்து, குனிந்து நிற்கிறது என்றால் நெகட்டிவ் அறைக்கு. ஸ்டாஞ்சனின் உட்சுவரில் ஒரு சிறு பள்ளம் இருக்கும். பிஸ்டன் அந்த இடத்தைக் கடக்கும்போது மட்டும் இரு அறைகளும் பேசிக்கொண்டு சமமாகும். பிஸ்டன் சீல் தேய்ந்தால் மற்ற இடங்களிலும் காற்று கீழே நழுவி, ஃபோர்க்கைக் கீழ்நோக்கி இழுக்கும். ஒரு தடவை மட்டும் இப்படி ஆனால் பயப்பட வேண்டாம். அவசரமாக ஒரேயடியாகப் பம்ப் அடித்தாலும், காற்றை வேகமாக இறக்கினாலும் அறைகள் சமமாகாமல் உயரம் மாறி நிற்கும். 20 பிஎஸ்ஐ ஏற்றிப் பாதிப் பயணம் வரை சில முறை அமுக்கி, மறுபடி 20 ஏற்றி அமுக்கி என்று போனால் சரியாகிவிடும். ஒவ்வொரு வாரமும் குனிந்தால் ஏர் ஸ்பிரிங் சீல் கிட் வாங்குங்கள்.

உயரம் அப்படியே இருக்கிறது, ஆனால் கடைசிப் பயணம் வருவதில்லை என்றால் காற்று லோயருக்குள் போயிருக்கிறது. என் சட்டையை வீணாக்கியது இதுதான்.

முழுப் பயணமும் வரவில்லை

இதற்குக் காரணங்கள் அதிகம் என்பதால் மலிவானதிலிருந்து போகலாம். அழுத்தம் கூடுதலா? உடை, பை, தண்ணீரோடு ஏறி நின்றால் மலைப்பாதை ஃபோர்க் தன் பயணத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை அமுங்க வேண்டும். பாசிட்டிவ் அறையில் காற்றின் இடத்தைக் குறைக்கும், டோக்கன் எனப்படும் பிளாஸ்டிக் கட்டைகள் அதிகமாக இருக்கின்றனவா? பழைய சைக்கிள் வாங்கியவர்கள் இதைத் திறந்து எண்ணிப் பார்ப்பது நல்லது. எனக்கு வந்த ஒன்றில் நாலு கட்டைகள் இருந்தன. முந்தைய சொந்தக்காரர் பெரிய தாவல்காரர் போலிருக்கிறது.

அடுத்து, காற்றை முழுக்க இறக்கிவிட்டு அமுக்குங்கள். ஸ்டாஞ்சனில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் ஒரு கேபிள் டையைத் தளர்வாகக் கட்டி அளந்துகொள்ளலாம். காற்றில்லாமலும் முழுக்கப் போகவில்லை என்றால் எங்கோ அடைப்பு. அமுக்கி விட்டதும் அந்தக் கடைசிப் பகுதியிலிருந்து ஸ்பிரிங் போலத் திரும்பி வருகிறதா? லோயரில் காற்று. சுவரில் மோதியதுபோல நின்று, திரும்பியும் வராமல் மந்தமாக இருக்கிறதா? எண்ணெய்.

லோயர் காற்றுக்கு உடனடி வைத்தியம் ஒன்று உண்டு. ஃபோர்க்கை முழுக்க நீட்டிவைத்து, முனை மழுங்கிய மெல்லிய கேபிள் டையை வைப்பர் சீலுக்கும் ஸ்டாஞ்சனுக்கும் இடையே எண்ணெய் தடவி நுழையுங்கள். உஸ்ஸென்று காற்று வெளியேறும். உலோகம் எதையும் நுழைக்காதீர்கள். ஃபோர்க் அமுங்கிய நிலையில் இதைச் செய்தாலும் தப்பு: பிறகு நீளும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி ஃபோர்க்கைக் கீழே இழுத்துப் பிடிக்கும். 2021 மாடலிலிருந்து ஃபாக்ஸ் 36, 38 ஃபோர்க்குகளில் லோயருக்குப் பின்னால் இதற்கென்றே பொத்தான் வைத்திருக்கிறார்கள். பிறகு ராக்‌ஷாக்ஸும் தன் உயர்ரக லிரிக், ஸெப் ஃபோர்க்குகளில் வைத்தது.

ஒரு சீலும் கசியாமலே லோயரில் அழுத்தம் ஏறுவதும் உண்டு. கோவையில் லோயரை மூடிவிட்டு 2240 மீட்டர் உயரமுள்ள ஊட்டிக்குப் போனால், அங்கே வெளிக்காற்று அடர்த்தி குறைவு. உள்ளே மாட்டிய கோவைக் காற்று அங்கே கிட்டத்தட்ட 3 பிஎஸ்ஐ கூடுதலாக நிற்கும். மூன்றுதானே என்று தோன்றும். ஆனால் ஃபோர்க் அமுங்க அமுங்க லோயருக்குள் இருக்கும் இடம் சுருங்கி, அந்த மூன்றும் கூடவே பெருகும். மலைக்குப் போனதும் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் போதும். கோத்தகிரியில் என் ஃபோர்க் அவ்வளவு மோசமாக நடந்துகொண்டதற்கு இதுவும் ஒரு பங்கு என்றுதான் நினைக்கிறேன். ஓ-ரிங் மேல் முழுப் பழியும் போடவில்லை.

எண்ணெய் அடைப்பு என்றால் மூடிய கார்ட்ரிட்ஜின் ஒரு விசித்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அது லோயர் எண்ணெயைக் குடிக்கும். டாம்பர் தண்டு ஒவ்வொரு முறையும் லோயர் எண்ணெயில் நனைந்து மேலே போகிறது. தண்டு சீல் தேய்ந்திருந்தால் ஒட்டியிருக்கும் எண்ணெயை வழித்து வெளியே விடாமல் உள்ளே அனுப்பிவிடும். 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள தண்டு 150 மில்லிமீட்டர் உள்ளே போனால் சுமார் 12 மில்லி இடத்தைப் பிடிக்கும். அந்த 12 மில்லிக்கு இடம் விடத்தான் ரப்பர் பை. குடித்த எண்ணெயால் பை ஏற்கெனவே உப்பியிருந்தால் தண்டுக்கு இடமில்லை. ஃபோர்க் பாதியில் நிற்கும். அப்படியே இடித்து இடித்து ஓட்டினால் ஒரு நாள் பை கிழியும். கிரிப் வகை இந்த விஷயத்தில் கெட்டிக்காரன்: மிதக்கும் பிஸ்டன் எல்லையைத் தாண்டும்போது மிகுதி எண்ணெய் ஒரு துளை வழியாக வெளியேறிவிடும்.

குதிக்கிறது, அடங்கவில்லை

ரீபவுண்ட் முழுக்க மூடியும் ஃபோர்க் விலுக்கென்று எழுகிறது. குமிழ் கிளிக் இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றினால் சந்தோஷப்படுங்கள்: குமிழின் சிறு திருகு தளர்ந்திருக்கும், அல்லது உள்ளே போகும் அறுகோணக் கம்பி சரியாக உட்காராமல் இருக்கும். கிளிக் எல்லாம் சரியாக வந்தும் மாற்றமில்லை என்றால் டாம்பரில் எண்ணெய் குறைந்திருக்கிறது, அல்லது உள்ளே பிஸ்டனின் வளையமோ ஷிம்மோ கெட்டிருக்கிறது.

இடைப்பட்ட நிலை ஒன்று உண்டு. திசை மாறும் இடத்தில் மட்டும் ஒரு விரல் அளவுக்குப் பிடிப்பே இல்லாமல் நழுவி, பிறகு பிடித்துக்கொள்ளும். கூடவே சளக் சளக் என்று சத்தம். மூடிய கார்ட்ரிட்ஜில் இது காற்று ஏறியதற்கு நல்ல அடையாளம். எண்ணெயை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். அந்தக் காற்று நசுங்கி முடியும் வரை டாம்பர் வேலைக்கு வராது. லாக்அவுட் (ஃபோர்க் அமுங்காமல் பூட்டும் வசதி) போட்டு ஏறி அமுக்கினால் முதலில் கொஞ்சம் இறங்கிப் பிறகு கெட்டிப்படுவதும் இதே காரணத்தால். ப்ளீட் செய்து அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். திறந்த வகை டாம்பரில் அந்தச் சளக் சத்தம் எண்ணெய் அலம்புவதுதான். பல மணி நேரம் படுக்கவைத்த சைக்கிளில் கூடுதலாகவே கேட்கும். பிடிப்பு சரியாக இருந்தால் சத்தத்தை விட்டுவிடுங்கள்.

லாக்அவுட் பூட்டவில்லை

ஹேண்டில்பாரில் லீவர் இருந்தால் முதல் சந்தேகம் கேபிள். ஃபோர்க் உச்சியில் கேபிள் சுற்றும் தட்டைக் கையால் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கையால் பூட்டினால் டாம்பர் சரி, கேபிள் தளர்ந்திருக்கிறது. பூட்டிய பிறகும் பலமாக அடித்தால் கொஞ்சம் இறங்குவது, பூட்டை மறந்து பள்ளத்தில் விடுபவர்களுக்காக வைத்த பாதுகாப்பு.

டொக் டொக்

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டினால் டொக் என்கிறது. ஒரு கை விரல்களை ஹெட்செட்டின் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) கீழ்க் கிண்ணமும் கிரவுனும் சேரும் இடத்தில் வைத்து ஆட்டுங்கள். அங்கே அசைவு தெரிந்தால் ஹெட்செட்டை இறுக்கினால் முடிந்தது. பிறகு விரல்களை வைப்பர் சீல் மேல், ஸ்டாஞ்சனைத் தொட்டபடி வையுங்கள். அங்கே அசைந்தால் புஷ் தேய்மானம். இம்மியளவு ஆட்டம் எல்லா ஃபோர்க்கிலும் உண்டு. புஷ் மாற்றத் தனிக் கருவிகள் வேண்டும். இதை வீட்டில் தொடாதீர்கள்.

எழுந்து நின்று மிதிக்கும்போது கிரவுனிலிருந்து கிறீச்சென்று வந்தால், ஹேண்டில்பாரோடு இணையும் ஸ்டீயரர் குழாயோ ஸ்டாஞ்சனோ கிரவுனில் அழுத்திப் பொருத்திய இடம் தளர்ந்திருக்கலாம். பசை ஊற்றுவது, துளை போட்டுப் பின் அடிப்பது எல்லாம் உயிரோடு விளையாட்டு. வாரன்டி இருந்தால் கேளுங்கள், இல்லாவிட்டால் மாற்றுங்கள்.

திறந்தால் அளந்து பாருங்கள்

மேலே சொன்னதெல்லாம் ஊகம். ஊர்ஜிதம் லோயரைக் கழற்றும்போது கிடைக்கிறது. ஆனால் பலரும் அந்த எண்ணெயை ஒரே தட்டில் வடித்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். ரத்தப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டியதைச் சாக்கடையில் ஊற்றுவது மாதிரி.

காற்றை முழுக்க இறக்கிய பிறகு, இரண்டு கால்களுக்கும் கீழே தனித்தனியாக இரண்டு டம்ளர்கள். போல்ட்டை முழுக்க எடுக்காமல் சில சுற்றுத் தளர்த்தி, தலையில் தட்டித் தண்டை விடுவித்துப் பிறகு எடுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். லோயரை உருவி, இரண்டு டம்ளரையும் பத்து நிமிடம் வடிய விடுங்கள். பிறகு குழந்தைக்கு மருந்து கொடுக்கும் 10 மில்லி சிரிஞ்சால் உறிஞ்சி அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஊற்றியது 10, வந்தது 6 அல்லது 7, நிறம் கறுத்திருக்கிறது: சாதாரணம், ஃபோமில் கொஞ்சம் தங்கியிருக்கும். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, ஸ்டாஞ்சனில் வளையம் இருந்தது: வைப்பர் சீல். வலது டம்ளரில் மட்டும் ஒன்றுமில்லை, வெளியே கசிவும் இல்லை, கடைசிப் பயணம் வரவில்லை: டாம்பர் குடித்திருக்கிறது. வலது டம்ளரில் ஊற்றியதைவிடப் பல மடங்கு, தொட்டுத் தேய்த்தால் லோயர் எண்ணெயைவிட மெல்லியதாக: டாம்பரின் தண்டு சீல் போய், உள்ளே இருந்தது கீழே இறங்கியிருக்கிறது. பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர். உயர் அழுத்தக் குழாயை வைப்பர் சீலுக்கு நேராகப் பிடித்துச் சைக்கிள் கழுவுகிறவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். வெள்ளிப் பொடி மினுமினுத்தால் புஷ்ஷையும் ஸ்டாஞ்சனையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

இடது பக்கம் மட்டும் போல்ட் தளர்ந்ததும் புஸ்ஸென்றால், கதை உங்களுக்குத் தெரியும்.

வைப்பர் சீலைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாதீர்கள். சீல் உட்காரும் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் போதும், புதுச் சீலும் அந்த வழியாகவே கசியும். பெரிய ரிங் ஸ்பேனரின் தலையைச் சீலுக்கடியில் கொடுத்து, விளிம்பில் துணி மடித்து வைத்து நெம்பினால் எழும்பும். உள்ளே தள்ள, சீலின் வெளிவிட்டத்துக்குப் பொருந்தும் பிவிசி குழாய்த் துண்டு போதும். வெட்டிய முனை நேராக இருக்க வேண்டும். சாய்ந்து இறங்கிய சீல் கசியாமல் இருந்து நான் பார்த்ததில்லை. ஃபோம் வளையத்தை எண்ணெயில் ஊறவைத்துப் போடுங்கள். வாஷர் புதிது. அடி போல்ட்டுகளின் இறுக்கம் பெரும்பாலான மாடல்களில் 5 முதல் 8 நியூட்டன் மீட்டருக்குள்தான். உங்கள் மாடலின் எண்ணைக் கையேட்டில் பாருங்கள். டாம்பர் பக்கத் தண்டின் மரை மெல்லியது. கைவலுவைக் காட்ட வேண்டிய இடம் அது இல்லை.

எண்ணெய் வாங்கும்போது பைக் கடை ஃபோர்க் ஆயிலில் 5, 10 என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் 5, இன்னொன்றின் 5-ஐவிடக் கெட்டியாக இருக்கும். டப்பாவின் பின்னால் 40 டிகிரியில் சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையின் அளவு) என்று ஒரு எண் போட்டிருந்தால் அதைத்தான் ஒப்பிட வேண்டும். லோயருக்கு இது பெரிய விஷயமில்லை. ராக்‌ஷாக்ஸே பல வருடம் 0டபிள்யூ-30 எண்ணெயைத்தான் அங்கே ஊற்றச் சொன்னது. டாம்பருக்கு மட்டும் கையேடு சொன்னதைத் தவிர வேறு எதையும் நான் ஊற்றுவதில்லை.

லோயர் சர்வீஸுக்கு ராக்‌ஷாக்ஸ் சொல்வது 50 மணி நேரம். ஃபாக்ஸ் முழு சர்வீஸுக்கு 125 மணி நேரம் அல்லது வருடம் ஒரு முறை என்கிறது. மழையிலும் செம்மண் புழுதியிலும் ஓட்டுகிறவர்கள் அதற்கு முன்பே திறக்கலாம். நான் தேதியையும் இரண்டு டம்ளரின் மில்லி கணக்கையும் ஒரு மாஸ்கிங் டேப்பில் எழுதி, கருவிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டி வைக்கிறேன்.

போன மழைக்குப் பிறகு திறந்தபோது இடது டம்ளரில் 7 மில்லி. வலதில் 41, தண்ணீர் மாதிரி மெல்லிசாக. ரீபவுண்ட் மூடியும் சக்கரம் தொப்பென்று விழுந்தது. கார்ட்ரிட்ஜை மட்டும் கழற்றித் துணியில் சுற்றி, அதே கடைக்கு எடுத்துப்போய் மேசைமேல் வைத்தேன்.

"தம்பி, டாம்பர் போயிருச்சு."

"எப்படிண்ணா சொல்றீங்க?" என்றார் கடைக்காரர்.

டேப்பைக் காட்டினேன்.